காற்றுக் கட்சி, தண்ணீர்க் கட்சி

ஏப்ரல் 27, ஞாயிறு

நான் போட்ட வாழைக்காய் பஜ்ஜி ஆறிப்போனதாகச் சரித்திரமே கிடையாது. இன்று ஆறிப்போனது. காரணம் மணிவாசகம் என்பவர். ஊர் திருவண்ணாமலை. என் மகள் வினோதினியைப் பெண் பார்க்க அம்மாவோடு வந்தவர்.

எல்லாம் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தது. வினோ காபித் தட்டோடு வந்தாள். அவளைச் சேலை கட்ட வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பையனின் அம்மா சகுந்தலா, "ரெண்டு பேரும் தனியா பேசறதுன்னா பேசட்டுமே" என்றார். எங்கள் வீட்டில் தனியாகப் பேச இருப்பது ஒரே அறை, வினோ வேலை செய்யும் அறை. இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்த மாதிரி கம்ப்யூட்டரில் வரைந்து, உள்ளே நடந்து பார்ப்பது போலப் படமாக்கித் தருவது அவள் வேலை. ஒரு படம் முழுசாக வருவதற்குள் அந்த மெஷின் மணிக்கணக்கில் மூச்சு வாங்கும். பையன் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருகிறவர். அவரிடமும் அதே மாதிரி மெஷின் இருக்கிறதாம்.

கதவைத் திறந்தேதான் வைத்திருந்தார்கள். நான் ஒட்டுக் கேட்கவில்லை. குடிதண்ணீர்ப் பானை அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

"வேலூர் வெயில்ல போய் ஏர் கூலர் போட்டிருக்கீங்களே?" என்றார் அவர், மெஷின் பெட்டியின் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்து.

"ஏன், அதுக்கு என்ன குறை?"

"நான் லிக்விட் போட்டிருக்கேன். இருக்கிறதே தெரியாது, அவ்ளோ அமைதி. சூடும் ஏறாது."

"கரன்ட் ஓடற இடத்துல கொண்டுபோய் யாராவது தண்ணிய வைப்பாங்களா? லீக் ஆச்சுன்னா?"

"அதெல்லாம் எப்பவோ ஒண்ணு ரெண்டு நடக்கும். ஏர்னா தூசி அடைக்கும், வருஷம் பூரா துடைச்சிட்டே இருக்கணும்."

"துடைச்சா போச்சு. உங்க பம்ப் நின்னா?"

"உங்க ஃபேன் நின்னா?"

"தெருமுனைக் கடையில வேற ஃபேன் வாங்கி மாட்டிடுவேன். உங்க பம்ப் நின்னா மொத்தத்தையும் கழட்டித் தூரப் போடணும்."

இப்படியே போனது. எனக்குப் புரிந்த வரையில் விஷயம் இவ்வளவுதான். மெஷினுக்கு மூளை மாதிரி ஒரு சில்லு இருக்கிறது, வேலை செய்தால் அது கொதிக்கும். வினோவுடையதில் அந்தச் சூட்டை அடுக்கடுக்கான தகடுகள் வாங்கிக்கொள்ள, மேலே ஒரு விசிறி ஊதுகிறது. அவருடையதில் குழாயில் தண்ணீர் ஓடி, சூட்டை ஓரமாகக் கொண்டுபோய் ஆற்றிக்கொண்டு திரும்புகிறது. இதற்கு இத்தனை சண்டை.

வெளியே வந்தபோது இரண்டு பேர் முகமும் சிவந்திருந்தது. சகுந்தலா கிளம்பும்போது, "இதோ கத்திரி வருது. அது கழியட்டும், அப்புறம் பதில் சொல்லிக்கலாம்" என்றார். எங்கள் இரண்டு குடும்பத்திலும் கத்திரி வெயிலில் நல்ல பேச்சு பேசும் வழக்கம் இல்லை. என் வீட்டுக்காரருக்கு ஏகப்பட்ட நிம்மதி. ரிட்டையரான பி.டி. மாஸ்டர். விசில் ஊதச் சொன்னால் ஊதுவார், முடிவெடுக்கச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

வினோவுக்கு இருபத்தொன்பது ஆகிறது. இதுவரை வந்த வரன்கள் எல்லோரிடமும் சேர்த்து அவள் பேசியது "காபி எடுத்துக்கோங்க" மட்டும்தான். இவர் ஒருவரிடம்தான் சண்டை போட்டிருக்கிறாள். எனக்கு இந்த இடம் முடிய வேண்டும். டைரியில் எழுதியே வைத்துவிட்டேன், போதுமா?

மே 3, சனி

இரண்டு பேரும் போனில் பேசுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாது என்று வினோ நினைத்துக்கொண்டிருந்தாள். இன்று அவளே சொல்ல வேண்டியதாயிற்று, ஏனென்றால் என்னிடம் ஏசி ரிமோட்டைக் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னாள்.

பந்தயமாம். கத்திரி தொடங்கும் நாளிலிருந்து முடியும் நாள் வரை, தினமும் மத்தியானம் ரெண்டு மணிக்கு இரண்டு மெஷினும் ஒரே வேலையை ஒரு மணி நேரம் ஓட்ட வேண்டும். ஏசி கூடாது, சீலிங் ஃபேன் மட்டும். தூசி தட்டலாம், துடைக்கலாம், புதிதாக எதையும் மாட்டக் கூடாது. சூடு தாங்காமல் மெஷின் தானாக நின்றுவிட்டால் தோல்வி.

"தோத்தா என்னடி?"

"தோத்தா தோத்ததுதான்."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா ஜெயிச்சதுதான். போம்மா."

இவள் தோற்றால் அந்த வீட்டுக்குத் தலை நிமிர்ந்து போக மாட்டாள், பிடிவாதக்காரி. அவர் தோற்றால் ஒரு ஆம்பளை, தன்னைத் தோற்கடித்த பெண்ணுக்குச் சரி என்று சொல்வாரா? எந்தப் பக்கம் விழுந்தாலும் என் பக்கம் அடி.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். வெளியே காயப்போட்ட துணியை எடுக்கப் போனேன், க்ளிப் சுட்டது. வினோ மெஷின் 81 டிகிரி. அவருடையது 62. என் வீட்டுக்காரர் மெனக்கெட்டு அறைக்குள் எட்டிப் பார்த்து, "தண்ணி வச்சிருக்கிறவன் நல்லா இருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த வீட்டில் அவர் தண்ணீர்க் கட்சியாம்.

நான் காற்றுக் கட்சி. பெற்றவள் வேறு எந்தக் கட்சியில் இருக்க முடியும்?

மே 6, செவ்வாய்

யோசித்துப் பார்த்தேன். நம்மால் ஆனது வேண்டிக்கொள்வது ஒன்றுதான். வழக்கமாக வெள்ளிக்கிழமை மட்டும் பூஜை அறையிலும் ஹாலிலும் சாம்பிராணி காட்டுவேன். இனிமேல் கத்திரி முடியும் வரை செவ்வாயும் வெள்ளியும், அதுவும் வினோ அறையில் கட்டாயம். எந்த மெஷினால் பேச்சு ஆரம்பித்ததோ அதன் முன்னால் நின்று வேண்டிக்கொள்வதுதானே முறை?

தேங்காய் ஓட்டுக் கரி நன்றாகக் கனிந்திருந்தது. சாம்பிராணியை அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். வினோ மொட்டை மாடியில் போன் பேசிக்கொண்டிருந்தாள். மெஷினுக்கு முன்பக்கம் முழுக்க ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. தூபக்காலை அங்கே காட்டி விசிறியால் வீசினேன். புகை அப்படியே ஆசையாக உள்ளே போனது. சாமியே ஏற்றுக்கொண்ட மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. கொஞ்சம் புகையாலும்தான்.

மே 7, புதன்

86. ஒரே நாளில் இப்படியா ஏறும்? வினோ நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் அப்படி.

மே 8, வியாழன்

காலையில் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ செய்தாள். மத்தியானம் பார்த்தால் 82! வேண்டுதல் பலிக்க ரெண்டு நாள் ஆகும் போலிருக்கிறது.

மே 9, வெள்ளி

சாம்பிராணி ஆயிற்று. காது குடையும் பஞ்சுக் குச்சி டப்பா பாதி காலி. என் வீட்டுக்காரரைக் கேட்டால், "நான் எதுக்கு தொடப்போறேன்?" என்கிறார். இந்த வயதில் காதை இத்தனை குடைந்தால் என்ன ஆவது?

மே 12, திங்கள்

மெஷின் ஓடுவது ஒரு மணி நேரம். அதைப் பற்றிப் பேசுவது ரெண்டு மணி நேரம். இன்று அறைக்குள்ளிருந்து வினோ சிரிக்கும் சத்தம் கேட்டது. மோர் கொடுக்கிற சாக்கில் போனேன்.

"யாரு கல்யாணத்துல?" என்று போனில் கேட்டுக்கொண்டிருந்தாள். "மாப்பிள்ளை தாலி கட்டறப்ப கேமராவைப் பார்த்துக்கிட்டு மாமியாருக்கா? அய்யய்யோ. அதை அப்படியே வச்சிட்டீங்களா?"

என்னைப் பார்த்ததும் முகத்தை மாற்றிக்கொண்டு, "இன்னிக்கு எண்பத்தி மூணு" என்று கண்டிப்பான குரலில் போனுக்குச் சொன்னாள். நானும் எதையும் கேட்காத மாதிரி மோரை வைத்துவிட்டு வந்தேன். அவளுக்கும் அவருக்கும் நடிக்கத் தெரியவில்லை.

மே 14, புதன்

நேற்றைய சாம்பிராணிக்குப் பிறகு இன்று 88. இவர் எங்கிருந்தோ வெட்டிவேர்த் தட்டி ஒன்றை வாங்கி வந்து வினோ அறை ஜன்னலில் கட்டி, பைப்பால் தண்ணீர் பீய்ச்சினார். அறைக்குள் நல்ல வாசனை, கூடவே ஒரு வாளித் தண்ணீர். யுபிஎஸ்ஸை வினோ கட்டில் மேல் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாங்க இது?" என்றேன்.

"தண்ணி வச்சா குளிரும்னு நீங்கதானே சொல்லிகினு இருக்கீங்க."

"அது குழாய்க்குள்ள ஓடற தண்ணிப்பா!" என்றாள் வினோ. அழப்போகிறாள் என்று நினைத்தேன், விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இந்தப் பெண் ரெண்டு வாரமாக எதற்கெடுத்தாலும் சிரிக்கிறாள். துடைக்கும் வேலை எனக்கு.

மே 15, வியாழன்

82. பலித்துவிட்டது. பஞ்சுக் குச்சி புது டப்பாவும் குறைகிறது. இவரை ஈ.என்.டி. டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டும்.

மே 17, சனி

சாயங்காலம் வினோ குளிக்கப் போயிருந்தாள். அவள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தேன்.

"வினோதினி, என் மெஷின் நின்னுடுச்சு. பம்ப் போச்சு" என்றது குரல்.

"தம்பி, நான் வினோ அம்மா பேசறேன்."

"அய்யோ, அத்தை... சாரி... ஆன்ட்டி."

முதலில் வந்தது எது என்று என் காதுக்குத் தெரியும். அதை வெளிக்காட்டிக்கொள்ளாமல், "எப்படிப்பா நின்னுது?" என்று கேட்டேன்.

"மத்தியானம் டெஸ்ட்டுல அறுபத்திரண்டுதான் இருந்துச்சு. எந்தச் சத்தமும் இல்ல. திடீர்னு நூறு காட்டிட்டு ஆஃப் ஆயிடுச்சு. மறுபடி போட்டா, போட்ட உடனே நூறு. குழாயைத் தொட்டுப் பார்த்தேன், ஒரு பக்கம் கொதிக்குது, ஒரு பக்கம் ஜில்லுனு இருக்கு. தண்ணி ஓடவே இல்ல."

"தம்பி, ஒண்ணு கேட்கறேன் தப்பா நெனைக்காதீங்க. நீங்க சொல்லலன்னா அவளுக்குத் தெரியவா போகுது? சத்தமில்லாம வேற ஒண்ணு வாங்கி மாட்டிட்டு, அறுபத்திரண்டுன்னு அனுப்பியிருக்கலாமே?"

"அனுப்பியிருக்கலாம். ஆனா அவங்ககிட்ட சண்டை போடறதே நல்லா இருக்கிறதுக்குக் காரணம், ரெண்டு பேரும் நிஜ நம்பரைச் சொல்றதுதான்" என்றார்.

வினோ தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். போனை நீட்டி, "உன் எதிர்க்கட்சி" என்றேன். விஷயத்தைக் கேட்டதும் குதிப்பாள் என்று பார்த்தால், "அய்யோ, நாளன்னைக்கு ஒரு ரிசப்ஷன் வீடியோ குடுக்கணும்னு சொன்னீங்களே? இப்ப எப்படி?" என்கிறாள். ஜெயித்ததே அவளுக்கு உறைக்கவில்லை.

மே 18, ஞாயிறு

வினோவின் அலமாரி மேல் அவளுடைய பழைய கூலர் ஒன்று இரண்டு வருஷமாகத் திறந்தபடி கிடந்தது. தகடுகளும் விசிறியுமாக ஒரு செங்கல் அளவு இருக்கும். காலையில் அதை அட்டைப் பெட்டியில் போட்டு ஒட்டினாள். திருவண்ணாமலை போகிற பஸ் டிரைவரிடம் கொடுத்துவிட்டு பஸ் நம்பரைச் சொல்லிவிட்டால், அந்தப் பக்கம் ஆள் நின்று வாங்கிக்கொள்ளும். பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோக அப்பாவைக் கேட்டாள்.

இவர் பெட்டியைத் தொடவே இல்லை. "இன்னா கற்பகம் இது? கத்திரியில சம்பந்தி வீட்டுக்கு சீர் அனுப்பற மாதிரி இல்ல இருக்குது?"

"சம்பந்தின்னு இப்ப யாரு சொன்னது?" என்றேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்புறம் ஸ்கூட்டரில் பெட்டியை முன்னால் நிறுத்தி, கீழே விழாமல் முட்டியால் அணைத்துக்கொண்டு, தங்க நகைப் பெட்டி மாதிரி எடுத்துக்கொண்டு போனார். எங்கள் வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போகும் முதல் சீர் ஒரு மின்விசிறி. யாரும் பார்க்காத நேரத்தில் பெட்டி மூலையில் ஒரு மஞ்சள் குங்குமப் பொட்டலமும் செருகிவிட்டேன். வெறும் பெட்டி போகக் கூடாதல்லவா?

மே 19, திங்கள்

அவரிடமிருந்து என் போனுக்கே செய்தி. "கூலர் வந்துடுச்சு அத்தை. மாட்டிட்டேன். 79. வீடியோ குடுத்தாச்சு. பெட்டியைத் திறந்ததும் வீடு பூரா கோயில் வாசனை. அம்மா ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

கோயில் வாசனையாம்! நல்ல மனசுக்காரர்கள், எதையும் நல்லதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். "அத்தை" என்று டைப் அடிக்கும்போது கை தவறவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன். வினோவிடம் படித்துக் காட்டினேன். வாயைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள். என்ன வெட்கமோ.

மே 20, செவ்வாய்

சாம்பிராணி. அவர் தோற்றுவிட்டாரே, இனி எதற்குத் தினமும் ஓட்டுகிறாய் என்று கேட்டேன். கடைசி நாள் வரை நிற்காமல் ஓடினால்தான் காற்று ஜெயித்ததாக அர்த்தமாம். அவர்தான் சொன்னாராம், "பாதியில விட்டுக்குடுத்து ஜெயிக்காதீங்க" என்று. இது என்ன மாதிரியான சண்டை என்றே எனக்கு விளங்கவில்லை.

மே 23, வெள்ளி

கத்திரி முடியப் போகிறது. பதில் சொல்லும் நாளும் நெருங்கிவிட்டது. வினோ ஒரு வார்த்தை வாயைத் திறக்கவில்லை. சரியா வேண்டாமா என்று நான் எத்தனை முறை சாடையாகக் கேட்டாலும் "கத்திரி முடியட்டும்மா" என்கிறாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறது.

இன்று சாம்பிராணியில் குங்கிலியமும் சேர்த்துப் போட்டேன். மெஷின் முன்னால் வெகு நேரம் நின்றேன். புகையில் அறை தெரியவில்லை. இதற்கு மேல் ஒரு தாய் என்ன செய்ய முடியும்?

மே 24, சனி

மெஷின் நின்றுவிட்டது.

காலையிலேயே வினோ ராணிப்பேட்டையில் ஒரு மனை அளந்து பார்க்கக் கிளம்பிவிட்டாள். ஓட்டமும் நடையுமாக இரண்டு மணிக்குத்தான் வந்தாள், வந்ததும் ஓட்டினாள். 91 என்றாள். 95 என்றாள். விசிறி ஊளையிட்டது. அப்புறம் பட்டென்று திரை கறுத்துவிட்டது.

போனில் அவர் இருந்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் கேட்டது. "சரி, ரெண்டு பேருமே தோத்துட்டோம்" என்றார். "ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன். உங்களோடது 'எனக்குச் சுடுது, சுடுது'ன்னு ஒரு மணி நேரம் சொல்லிட்டு நின்னுது. என்னோடது ஒரு வார்த்தை சொல்லாம நின்னுது."

"இது துடைச்சா ஓடும்" என்றாள் வினோ.

"தெரியும். அதனாலதான் சொல்றேன், காத்தைத்தான் நம்பலாம். ஆனா நின்ன நாள் வரைக்கும் எங்க தண்ணி கட்சி எவ்ளோ ஜில்லுனு இருந்துச்சு, அதையும் நீங்க ஒத்துக்கணும்."

"ஒத்துக்கறேன். சத்தமும் இல்லாம இருந்துச்சு."

இரண்டு கட்சிக்கும் சமாதானம் ஆயிற்று. நான் கதவு ஓரம் நின்றேன். வினோ பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். விசிறியை எடுத்தாள். தகடுகளுக்கு நடுவே பழுப்பாகப் பிசுக்குப் பிசுக்கென்று ஏதோ படிந்து, அதன் மேல் தூசி ஒட்டி, சந்து தெரியாமல் அடைத்திருந்தது. சூட்டோடு திறந்ததால் வாசனை அறை முழுக்கப் பரவி, என் மூக்கு வரை வந்தது.

அது என்ன வாசனை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. முப்பது வருஷமாக என் கையால் காட்டுகிற வாசனை.

அங்கிருந்து மெதுவாக நழுவினேன். சமையலறையில் வேலை இருந்தது.

மே 25, ஞாயிறு

செவ்வாய், வெள்ளி. புதன் ஏறும், வியாழன் இறங்கும். இந்த டைரியைப் பின்னால் புரட்டினால் எனக்கே சிரிப்பாகவும் இருக்கிறது, அழுகையாகவும் இருக்கிறது. யார் ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேனோ அவள் மெஷினின் மூக்கையே அடைத்திருக்கிறேன். பாவம், அது ஆசையாக இழுத்துக்கொண்டது என்று வேறு எழுதி வைத்திருக்கிறேன்.

வினோவிடம் எப்படிச் சொல்வது? "உன் அம்மாவாலதான் தோத்தே" என்றா?

மே 27, செவ்வாய்

சாயங்காலம் விளக்கேற்றினேன். கரி மூட்டவில்லை. தூபக்காலைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். வினோ வந்து நின்றாள்.

"ஏம்மா, இன்னிக்கு சாம்பிராணி போடலயா?"

"போடல."

"ஏன்?"

"தலைவலி."

"தலைவலிக்கிறப்பகூட போடுவியே."

இனி மறைத்து என்ன பயன் என்று தோன்றியது. "உன் மெஷினுக்கு அது ஆகாதுடி" என்றேன். "நான்தான் அதை அடைச்சு வச்சிருக்கேன். எனக்குத் தெரியாம போச்சு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு அவரைக்காயை எடுத்து நார் உரித்தாள். "எனக்குத் தெரியும்மா."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"நீ மொத செவ்வாய் போட்டியே, அதுக்கு அடுத்த வியாழன் திறந்து பார்த்தேன். பசை மாதிரி இருந்துச்சு. ஸ்பிரிட்டு தொட்டு, காது குச்சியால ஒவ்வொரு தகடா துடைச்சேன். அப்புறம் ஒவ்வொரு வியாழனும் சனியும் அதே வேலைதான். இந்த சனிக்கிழமை மட்டும் ராணிப்பேட்டை போயிட்டதால முடியல."

இவரை ஈ.என்.டி.யிடம் கூட்டிப்போகத் திட்டம் போட்டேனே, அந்தக் குச்சிகள்!

"அடிப் பாவி, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? அன்னிக்கே நிறுத்தியிருப்பேனே!"

"அதனாலதான் சொல்லல."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல் அவரைக்காயையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீ எதுக்கு வேண்டிக்கிறேன்னு எனக்குத் தெரியாதா? சொன்னா நிறுத்திடுவியே."

கையிலிருந்த முறம் நழுவி அவரைக்காய் எல்லாம் தரையில் சிதறியது. சத்தம் கேட்டு இவர் உள்ளேயிருந்து ஓடி வந்தார். அம்மாவும் பெண்ணும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவதைப் பார்த்துவிட்டு, "மெஷின் போனா போவுது, வேற வாங்கிக்கலாம்" என்று தேறுதல் சொன்னார். அவருக்குப் பதில் சொல்ல எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பில் மூச்சு வரவில்லை.

ஒரு மாதமாக நான் வாயால் கேட்ட கேள்விக்கு அவள் பஞ்சுக் குச்சியால் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு தகடு விடாமல். எனக்கு இப்போது என்ன சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. கோபமும் கொஞ்சம் இருக்கிறது. அதை நாளைக்குப் பட்டுக்கொள்கிறேன்.

மே 28, புதன்

கத்திரி முடிந்தது. மெஷினைச் சுத்தமாகத் துடைத்து ஓட்டியதில் 80.

மே 29, வியாழன்

காலையில் இவர் வெள்ளை வேட்டி கட்டி, போனை ஸ்டாண்டில் வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு திருவண்ணாமலைக்கு வீடியோ கால் போட்டார். ஸ்கூல் விளையாட்டு விழாவைத் தொடங்கி வைக்கிற தோரணை. "எங்க தரப்புல இருந்து..." என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கத்தில் சகுந்தலா, "அண்ணா, அதெல்லாம் அவங்க ரெண்டு பேரும் எப்பவோ முடிச்சாச்சு. நீங்க தேதியைச் சொல்லுங்க" என்றார். என் வீட்டுக்காரர் நல்ல தண்ணீராகக் கொண்டு வரச் சொன்னார், குடிக்க.

அப்புறம் மாப்பிள்ளை திரைக்கு வந்தார். மாப்பிள்ளை என்றே எழுதுகிறேன், கத்திரிதான் கழிந்துவிட்டதே.

"அத்தை, செவ்வாய்க்கிழமை சாம்பிராணியை நிறுத்திட்டீங்களாமே?"

"உங்களுக்கும் தெரியுமா?"

"மொத வாரமே சொல்லிட்டாங்க. நான்தான் சொன்னேன், 'நிறுத்தச் சொல்லாதீங்க, எனக்கும் சேர்த்து யாராவது வேண்டிக்கட்டும்'னு."

கோயில் வாசனை என்று அனுப்பினாரே அந்தச் செய்தி! அதைப் படித்துக் காட்டியபோது இவள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடியது வெட்கத்தால் இல்லை. என்னைச் சுற்றி இரண்டு பேரும் ஒரு மாதம் நாடகம் போட்டிருக்கிறார்கள். நான்தான் அவர்களுக்கு நடிக்கத் தெரியவில்லை என்று எழுதி வைத்தவள்.

"பம்ப் போன உங்க மெஷின்ல இப்ப என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"உங்க வீட்டுச் சீரே ஓடுது அத்தை. கொஞ்சம் சத்தம் போடுது. பழகிக்கலாம், வீட்டுக்கு வரப்போறவங்களும் அப்படித்தானே."

வினோ திரைக்குள் கையை விடாத குறை. உடனே அடுத்த சண்டை ஆரம்பமாகிவிட்டது, இரண்டு மெஷினையும் ஒரே அறையில் வைத்தால் கோடையில் அறை அடுப்பாகிவிடும், ஜன்னல் பக்கம் யாருடையது என்று. நானும் சகுந்தலாவும் அவர்களை அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு போனில் தேதி பார்த்தோம். ஆவணி முதல் முகூர்த்தம்.

மே 30, வெள்ளி

சாயங்காலம் கரி மூட்டினேன். பூஜை அறை, ஹால், சமையலறை எல்லாம் காட்டிவிட்டு வினோ அறை வாசலில் தயங்கி நின்றேன். உள்ளே போகவில்லை. இங்கிருந்தே போதும் என்று திரும்பினேன்.

"இரும்மா" என்றாள். அப்பாவின் பெரிய ஈரிழைத் துண்டை எடுத்து, மெஷினை நிறுத்தி, தலையிலிருந்து கால் வரை போர்த்தினாள். முன்பக்கத்து ஓட்டை ஒன்றும் தெரியாமல் இழுத்துச் செருகினாள்.

"ம், இப்ப வா."

துண்டு போர்த்திய மெஷின் முன்னால் தூபக்காலோடு நின்றேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை, கேட்டதுதான் கிடைத்துவிட்டதே. இன்னொரு தடவை புகையைக் காட்டிவிட்டு, ரெண்டு மெஷினும் நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.